பழைய த்ரீ நொட் த்ரீக்கு என்ன விலை? போல்ட் துவக்கின் சேகரிப்பு மதிப்பைக் கணிக்க ஒரு வழிகாட்டி

ஸ்காபரோவிலிருந்து என் மனைவியின் தம்பி ஓர் இரவு வட்ஸ்அப்பில் அழைத்தான். மேசையில் பழைய துணி விரித்து அதன்மேல் ஒரு நீளத் துவக்கு. பக்கத்து வீட்டு முதியவர் இறந்துபோக, அவருடைய மனைவி இவனிடம் முறைப்படி மாற்றிக் கொடுத்த பொருள். இவன் அங்கே மான் வேட்டைக்குப் போகிறவன், லைசன்ஸ் வைத்திருப்பவன். "அத்தான், இதுக்கு எவ்வளவு போகும்?" என்றான். துவக்குக்குப் பக்கத்தில் மரத்தூளும் ஒரு சாண்ட் பேப்பரும் கிடந்தன. நான் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, முதல்ல அந்தத் தாளைக் கீழ வை."

அன்றிலிருந்து உறவுக்காரரும் தெரிந்தவர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். கனடாவில், லண்டனில், சிட்னியில் இருப்பவர்களின் கைக்கு ஒரு பழைய போல்ட் துவக்கு, அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட் என்ற இரும்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய ரைபிள், எப்படியாவது வந்துவிடுகிறது. மாமனார் விட்டுப்போனது, முதலாளி கொடுத்தது, ஏலத்தில் ஆசைப்பட்டு எடுத்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

என்னிடம் துவக்கு இல்லை, வைத்திருக்கும் எண்ணமும் இல்லை. துவக்கைக் கண்டாலே வயிறு கலங்கிய ஆண்டுகளைத் திருகோணமலையில் கழித்தவன் நான். எனக்குள்ள ஈடுபாடு அதன் உலோகத்தில் இருக்கும் எழுத்தில்தான். என் அம்மப்பா வெள்ளைக்காரன் காலத்து டொக்யாட்டில் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து போனபோது வீட்டுக்கு வந்த ஒரு சுத்தியல் இன்னும் எங்களிடம் உண்டு. அதன் தலையில் காகத்தின் கால்தடம் போல மூன்று கோட்டில் ஒரு அம்புக்குறி. "இது ராசாவின்ட சாமான் எண்டு அர்த்தம்" என்பார். அந்த அம்பைத் தேடிப் போய்த்தான் நான் பழைய ரைபிள்களுக்கு வந்து சேர்ந்தேன்.

விலைக்கு முன்னால் சட்டம்

இலங்கையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். பழையது, துருப்பிடித்தது, சுடாது என்பதெல்லாம் உங்களைக் காப்பாற்றாது. வளவு துப்புரவாக்கும்போதோ கிணறு இறைக்கும்போதோ ஒன்று தட்டுப்பட்டால் அதைத் தூக்கிக் கழுவிப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் வெடிக்கக்கூடியது வேறு என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விலகி நின்று 119க்கு அறிவியுங்கள். அதற்கு விலை பார்க்கும் பேச்சே வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களும் பொருளைக் கையில் எடுப்பதற்கு முன்பே சட்டத்தை விசாரிக்க வேண்டும். கனடாவில் உரிய லைசன்ஸ் வேண்டும். பிரித்தானியாவில் பொலிஸ் தரும் சான்றிதழ் வேண்டும்; த்ரீ நொட் த்ரீ என்று நாங்கள் சொல்லும் .303 ரவை அங்கே வழக்கொழிந்த ரவைகளின் பட்டியலில் இல்லை, ஆகவே "பழம்பொருள்தானே" என்று சும்மா வைத்திருக்க முடியாது. அவுஸ்திரேலியாவில் இந்த வகை போல்ட் துவக்கு பி பிரிவு லைசன்ஸின் கீழ் வரும். அமெரிக்காவின் மத்திய சட்டம் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்ததைப் பழம்பொருளாகப் பார்க்கிறது. அதனால் 1897 என்று பொறித்த ஒரு துவக்கும் 1900 என்று பொறித்த அதே மாதிரித் துவக்கும் அங்கே ஒரே விலைக்குப் போவதில்லை. உரியவர் இறந்து பொருள் உங்களுக்கு வருகிறது என்றால், அதை வீட்டைவிட்டு நகர்த்துவதற்கு முன்பே பொலிஸிடமோ லைசன்ஸ் உள்ள வியாபாரியிடமோ கேளுங்கள். காகிதம் சரியில்லாத துவக்குக்குச் சந்தை விலை பூச்சியம்.

வெறுமையாக்குங்கள்

மதிப்பிடும் முன் துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழலை யாரும் இல்லாத பக்கம் திருப்பி, ரவைக்கூட்டைக் கழற்றி, போல்டைப் பின்னுக்கு இழுத்து, ரவை அறைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பார்த்த பிறகு சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். பழக்கம் இல்லாதவர் இதைத் தானே செய்யாமல் லைசன்ஸ் உள்ள துவக்குத் திருத்துநரிடம் கொண்டுபோகட்டும். அறுபது, எழுபது ஆண்டு அலுமாரியில் இருந்த துவக்கில் ரவை இருக்காது என்று நினைத்துக் கெட்டவர்கள் உண்டு. சுட்டுப் பார்த்து மதிப்பிடலாம் என்ற ஆசை வேண்டவே வேண்டாம்.

கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

புதியவர்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். பழைய பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கி வளர்ந்தவர்கள் நாங்கள். பழசு என்றால் மினுக்க வேண்டும் என்று கை தானாகவே போகும். துவக்கைப் பொறுத்தவரை அந்தப் பழக்கம் பெரும் நட்டம்.

மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரைபிளின் சோங்கிலும் (தோளில் அணைக்கும் பின்மரம்) முன்கட்டையிலும் (குழலைத் தாங்கும் முன்மரம்) சிறிய சிறிய முத்திரைகள் இருக்கும். பரிசோதகர் குத்திய முத்திரை, தொழிற்சாலை முத்திரை, திருத்திய இடத்தில் இன்னொரு முத்திரை. சில சோங்குகளில் ஒரு பித்தளை வட்டத் தகடு பதித்திருக்கும். எந்தப் படைப்பிரிவுக்குக் கொடுத்தது என்று அதில் வெட்டியிருப்பார்கள். இவையெல்லாம் மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள பள்ளங்கள். சாண்ட் பேப்பர் நாலு தரம் போய் வந்தால் ஆழமில்லாத முத்திரைகள் போய்விடும், மரமும் உலோகமும் சந்திக்கும் விளிம்பில் மரம் உள்ளே தாழ்ந்துவிடும். பழகிய கண் அந்தத் தாழ்வை ஒரு நொடியில் பிடித்துவிடும். அதன்மேல் பளபளவென்று வார்னிஷ் அடித்தால் முடிந்தது கதை. படைத் துவக்குகளின் மரத்துக்கு அந்தக் காலத்தில் ஆளிவிதை எண்ணெய்தான் ஊட்டினார்கள். வார்னிஷ் மினுக்கம் அந்த மரத்தில் இருக்கவே கூடாது.

உலோகத்திலும் அப்படியே. கறுத்து நரைத்துப்போன பழைய பூச்சு அசிங்கமாகத் தெரியலாம். ஆனால் அசலான நரைத்த பூச்சை, புதிதாக ஏற்றிய கறுப்புப் பூச்சைவிடச் சேகரிப்பவர்கள் மேலாக மதிப்பார்கள். செய்ய அனுமதி உள்ளது ஒன்றுதான்: காய்ந்த மென்துணியால் தூசி துடைத்து, செந்துரு இன்னும் அரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய எண்ணெய் தடவலாம்.

இன்னொரு பெரிய இழப்பு, அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கலாம். உலகப் போருக்குப் பின் இந்த ரைபிள்கள் மலிந்து கிடந்தபோது, வேட்டைக்கு இலகுவாக இருக்கட்டும் என்று முன்கட்டையைப் பாதியில் அறுத்து, குழலைக் குறைத்து, மேல்மரத்தைக் கழற்றி எறிந்தார்கள். அப்படி வெட்டிய துவக்குகள் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஏராளம். அவை நல்ல வேட்டைத் துவக்காக இருக்கலாம், சேகரிப்புப் பொருளாக அவற்றின் மதிப்பு முழுத் துவக்கின் ஒரு சிறு பங்குதான். உங்களுடையதில் மரம் குழலின் முனைவரை போகிறதா, நடுவில் நின்றுவிடுகிறதா என்று முதலில் பாருங்கள். நடுவில் நின்றால் ஆசையைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து வாசியுங்கள்.

உலோகத்தில் எழுதியிருப்பதை வாசிக்கும் முறை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எங்கள் ஆட்களின் கைக்கு வருபவை பெரும்பாலும் .303 ரவை போடும் லீ-என்ஃபீல்ட் குடும்பத்தவை. பிரித்தானியா ஆண்ட இடமெல்லாம் போன துவக்கு அது. இலங்கையில் பொலிஸும் படையும் நீண்டகாலம் தோளில் சுமந்ததும் அதுதான். அதனால் அதையே மாதிரியாக வைத்துச் சொல்கிறேன். ஜெர்மன் மவுசர், ரஷ்ய மொசின், ஜப்பானிய அரிசாகா எதுவானாலும் வாசிக்கும் முறை ஒன்றே: யார் செய்தது, எந்த ஆண்டு, என்ன மாதிரி, பிறகு யாரிடம் இருந்தது.

முதலில் பழைய வகை. 1903இல் வந்து, 1907இல் மார்க் 3 ஆகத் திருந்தி, முதலாம் உலகப் போர் முழுவதும் நின்ற குட்டை லீ-என்ஃபீல்ட். போல்டின் கைப்பிடி இருக்கும் வலப்பக்கத்தில், சோங்கு வந்து பொருந்தும் இரும்பு வளையத்தைப் பாருங்கள். மேலே ஒரு முடி. அதன் கீழ் அரசரின் எழுத்துகள்: வி.ஆர் என்றால் விக்டோரியா, 1901 வரை; குட்டைக்கும் முந்திய துவக்குகளின் எழுத்து அது. ஈ.ஆர் என்றால் ஏழாம் எட்வர்ட், 1910 வரை. ஜீ.ஆர் என்றால் ஜோர்ஜ். ஜீ.ஆர்.ஐ என்று மூன்றெழுத்து இருந்தால் அது வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. கடைசி எழுத்து பேரரசர் என்பதைக் குறிக்கும். அதற்குக் கீழே தொழிற்சாலையின் பெயர், ஆண்டு, மாதிரி.

தொழிற்சாலையின் பெயரில் விலை இருக்கிறது. என்ஃபீல்ட், பேர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ இரண்டும் பெருந்தொகையாகச் செய்தவை. லண்டனின் எல்.எஸ்.ஏ குறைவு. எஸ்.எஸ்.ஏ, என்.ஆர்.எஃப் என்ற எழுத்துகள் கண்ணில் பட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். முதலாம் உலகப் போரின் நெருக்கடியில், பல சிறு பட்டறைகளில் செய்த உதிரிகளைச் சேர்த்துப் பூட்டிய துவக்குகள் அவை, அரிதாகவே கிடைக்கும். அவுஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை 1913இல் துவக்கு கொடுக்கத் தொடங்கியது. அந்தத் தொடக்க ஆண்டுகளின் துவக்குகளை அவுஸ்திரேலியர் விட்டுக்கொடுப்பதில்லை.

1916ஐ ஒரு எல்லைக்கோடாக மனதில் வையுங்கள். போர் நீண்டதும், வேகமாகச் செய்ய வேண்டும் என்று சில உறுப்புகளை விட்டுவிட்டார்கள். ரவைக்கூட்டை மறைக்கும் தகடு போனது. தொலைதூரக் கூட்டுச்சூட்டுக்கென்று முன்கட்டையின் இடப்பக்கத்தில் இருந்த வட்டக் குறிக்கருவி போனது. அப்படி எளிதாக்கிய மாதிரிக்கு மார்க் 3க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தத் தகடும் வட்டக் கருவியும் அசலாக, அதே இடத்தில், 1916க்கு முந்திய ஆண்டோடு இருந்தால் விலை கணிசமாக ஏறும். கவனம், இந்த உறுப்புகள் தனியாகவும் விற்பனைக்கு வருகின்றன. பின்னாளில் யாரோ வாங்கிப் பூட்டியதா என்று திருகாணியின் தலையில் புதுக் கீறலைத் தேடுங்கள்.

இரண்டாம் உலகப் போரின் துவக்கு நம்பர் 4. இதில் எழுத்து இடப்பக்கத்துக்கு மாறிவிடும். வரிசை எண்ணின் நடுவில் எல் என்ற எழுத்து இருந்தால் கனடாவின் லோங் பிராஞ்ச். சி இருந்தால் அமெரிக்காவின் சவேஜ் தொழிற்சாலை. லோங் பிராஞ்ச் தொழிற்சாலை ரொறன்ரோவின் மேற்கு ஓரத்தில் இருந்தது. அதன் பரிசோதனைக் கட்டடம் இன்றும் மிசிசாகாவில் கலைக்கூடமாக நிற்கிறது. ஸ்காபரோவிலிருந்து காரில் போய்ப் பார்த்துவரலாம், எங்கள் ஆட்களுக்கு அது தெரியாது. அங்கே ஏறத்தாழ ஒன்பது இலட்சம் நம்பர் 4 செய்தார்கள். ஆகவே 1943, 1944 என்று ஆண்டு பொறித்தவை தாராளம். 1941 என்று இருந்தால் வேறு கதை. தொழிற்சாலை ஓடத் தொடங்கிய ஆண்டு அது, வெளிவந்தவை மிகக் குறைவு.

அப்புறம் அம்மப்பாவின் அம்பு. வெறும் அம்பு பிரித்தானிய அரசுடைமை. சி என்ற எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவில் அம்பு இருந்தால் அவுஸ்திரேலியா. ஐக்கு மேல் அம்பு இருந்தால் இந்தியா. யூவுக்குள் அம்பு இருந்தால் தென்னாபிரிக்கா. ஒரே துவக்கில் இரண்டு நாட்டு முத்திரை இருந்தால் அது பயணம் செய்த துவக்கு, வரலாறு கூடுதல். இரண்டு அம்புகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றால் அரசு அதை முறைப்படி விற்றுவிட்டது என்று அர்த்தம். முதன்முதல் அதைப் படித்த அன்றே வீட்டுச் சுத்தியலை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு அம்புதான். அம்மப்பா அதை விலை கொடுத்து வாங்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது!

எழுத்துகளில் இன்னும் இரண்டு. எஃப்.ரி.ஆர் என்று இருந்தால் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் முழுத் திருத்தம் கண்டது. அது குறையில்லை, நேர்மையான வரலாறு. ஆனால் பிறந்த கோலத்திலேயே இருப்பதைத் தேடுகிறவர் அதற்குக் கொஞ்சம் குறைத்தே கொடுப்பார். டி.பி என்று இருந்தால் அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடுவதற்குத் தகாதது. விலை விழும்.

எண்கள் ஒத்துப்போகின்றனவா?

ஒரு துவக்கு தொழிற்சாலையைவிட்டுப் போகும்போது அதன் முக்கிய உறுப்புகளில் ஒரே எண்ணைக் குத்தினார்கள். குட்டை லீ-என்ஃபீல்டில் போல்ட் ஓடும் இரும்பு உடலின் முன்வளையம், குழல், போல்டின் கைப்பிடி, முனை மூடி, குறிபார்க்கும் பின்குறியின் அடிப்பக்கம், முன்கட்டை என்று பல இடத்தில் தேடலாம். எல்லாம் ஒன்றாக இருந்தால் பெரிய மகிழ்ச்சி. அதிகம் மாறியிருப்பது போல்ட். களஞ்சியத்தில் பாதுகாப்புக்காகப் போல்டைக் கழற்றித் தனியே வைப்பார்கள், திரும்பப் பூட்டும்போது கைக்குக் கிடைத்தது ஏறிவிடும்.

போல்ட் மாறியிருந்தால் அது விலைப் பிரச்சினை மட்டும் இல்லை. ஒவ்வொரு போல்டும் அதனதன் துவக்கின் ரவை அறைக்கு ஏற்ப அளந்து பொருத்தியது. வேறு போல்ட் என்றால் இடைவெளி கூடியிருக்கலாம், சுடும்போது ரவைக் கோது பிளந்து முகத்துக்கு வரலாம். திருத்துநர் அதற்கென்று உள்ள அளவுக் கட்டையை வைத்துப் பார்த்துச் சொல்லும்வரை அதைச் சுடும் துவக்காக விலை பேசக் கூடாது.

பழைய எண்ணைக் கோடு போட்டு வெட்டி, புது எண் குத்தியிருந்தால் பெரும்பாலும் படைத் திருத்தகத்தின் வேலை. பழைய எண்ணை அரத்தால் அராவி அழித்துவிட்டுப் புது எண் குத்தியிருந்தால் சந்தேகப்படுங்கள். பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் இலக்கங்களின் வடிவைப் பாருங்கள். போல்டில் உள்ள 4இன் கொம்பும் உடலில் உள்ள 4இன் கொம்பும் ஒரே மாதிரியா? பள்ளத்துக்குள் பழைய கறுப்பு இருக்கிறதா, வெள்ளி போல மின்னுகிறதா?

அரியது என்று சொல்வது உண்மையில் அரியதா

"ரொம்ப அரிது" என்ற சொல்லை விற்பவர் எவரும் சொல்வார். விலையுயர்ந்த மாதிரிகளைத்தான் போலி செய்வார்கள் என்பதால், அரிய பொருள் என்றவுடன் ஆசையை விடச் சந்தேகம் கூட வேண்டும்.

உதாரணம், குறிசுடுநருக்கான நம்பர் 4 ரி. நன்றாகக் குறிவிழும் துவக்குகளைத் தொழிற்சாலையில் தெரிந்தெடுத்து, லண்டனின் ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பி, தொலைநோக்கிக்கான தாங்கிகளைப் பொருத்தினார்கள். போர்க்காலத்தில் இருபதாயிரத்துக்கு மேல் அப்படி மாற்றப்பட்டன. லோங் பிராஞ்ச் தானே செய்த ரி வகை ஆயிரத்துச் சொச்சந்தான். சாதாரண நம்பர் 4ஐவிட இதற்குப் பல மடங்கு விலை. அதனால்தான் சாதாரணத் துவக்கை ரி ஆக்கி விற்கும் வேலையும் நடக்கிறது. ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் மாற்றியதில் பார்க்க வேண்டியவை: உடலின் இடப்பக்கத்தில் ரி எழுத்து, தெரிந்தெடுத்ததற்கான ரி.ஆர் எழுத்து, சோங்கின் அடியில் எஸ் 51 என்ற அந்த நிறுவனத்தின் குறி, சோங்கின் கழுத்தில் தொலைநோக்கியின் எண், தாங்கியில் துவக்கின் எண். இவை ஒன்றையொன்று உறுதிப்படுத்த வேண்டும். தொலைநோக்கி நம்பர் 32 வகையாக இருந்து, அதன் எண்ணும் சோங்கில் குத்திய எண்ணும் ஒன்றானால் இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கலாம். தொலைநோக்கி இல்லாவிட்டால் விலை பலமாக இறங்கும். பின்னால் வாங்கிப் பூட்டியதில் எண் ஒத்துவராது.

இன்னொன்று நம்பர் 5, காட்டுப் போருக்கென்று 1944 முதல் 1947 வரை செய்த குட்டை ரைபிள். குழல் முனையில் புனல் போன்ற ஒரு மூடி. அந்தப் புனலை நம்பர் 4 ஒன்றை வெட்டி மாட்டிவிட்டு நம்பர் 5 என்பார்கள். அசலில் எடை குறைக்க உடலிலும், மரத்தின் கீழ் மறைந்திருக்கும் குழலின் அடிப்பகுதியிலும் உலோகத்தைச் செதுக்கி எடுத்திருப்பார்கள். செதுக்கல் இல்லையென்றால் அது நம்பர் 5 இல்லை.

ஜப்பானிய அரிசாகாவில் பார்க்க வேண்டியது ரவை அறைக்கு மேலே உள்ள பதினாறு இதழ்ச் செவ்வந்தி, பேரரசரின் சின்னம். சரணடைந்தபோது ஒப்படைத்த துவக்குகள் பெருந்தொகையில் அந்தப் பூ அராவி அழிக்கப்பட்டிருந்தது. பூ முழுதாக உள்ளது கூடுதல் விலை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டதை அம்மப்பா பதுங்குகுழிக்குள் இருந்து கேட்டவர். அந்தப் பூவின் படத்தை முதன்முதல் பார்த்தபோது எனக்கு நிலாவெளி வீதியின் போர் மயானம்தான் நினைவுக்கு வந்தது.

குழலின் உள்ளே

போல்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள். சுழன்று போகும் வரிப்பள்ளங்களின் விளிம்பு கூர்மையாகவும் உள்ளே பளபளப்பாகவும் இருந்தால் நல்லது. கறுத்துப் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் விலை குறையும். பழைய .303 ரவையின் தீப்பொடி சுட்டபின் உப்பை விட்டுப்போகும், அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். அதனால்தான் படையில் சுட்ட கையோடு வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். கடற்கரையில் இருக்கிற எங்களுக்கு உப்புக்காற்றின் வேலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் முன்பே சொன்ன எண்களும் முத்திரைகளும் சரியாக இருந்தால், குழலின் அரிப்பு விலையைக் கொல்லாது. சேகரிப்பவர் பலர் சுடுவதற்கு வாங்குவதில்லை.

கதைக்குக் காகிதம் வேண்டும்

"பர்மாவில் சண்டை பிடித்த துவக்கு" என்று சொல்வது இலகு. உரிமையாளரின் படைப்பதிவு, கடிதம், அவர் அதே துவக்கோடு நிற்கும் படம், வீட்டுக்குக் கொண்டுவர அனுமதித்த சீட்டு, பழைய ஏல விற்றுச்சீட்டு இவற்றில் ஒன்றாவது வேண்டும். அதில் வரிசை எண் இருந்தால் தங்கம். வீட்டைத் துப்புரவாக்கும்போது பழைய காகிதங்களை எறிந்துவிடாதீர்கள். சுவிஸ் கே 31 துவக்குகளில் சோங்கின் அடித்தகட்டைக் கழற்றினால் அதை வைத்திருந்த படைவீரரின் பெயர் எழுதிய சீட்டு சிலசமயம் கிடைக்கும். லீ-என்ஃபீல்டிலும் சோங்கின் அடியில் ஒரு சின்னப் பித்தளைக் கதவு உண்டு. உள்ளே எண்ணெய்க் குப்பியும் குழல் துடைக்கும் கயிறும் வைப்பார்கள். திறந்து பாருங்கள். அசல் குப்பி இருந்தால் வெளியே எடுத்து விற்காமல் உள்ளேயே விட்டுவிடுங்கள். தோல்வார், துவக்குக்கத்தி எதுவானாலும் சேர்த்தே வையுங்கள்.

இனி விலை

கேட்கும் விலையும் போன விலையும் வேறு. இணையத்தில் ஒருவர் மூவாயிரம் டொலர் போட்டு ஒரு வருடமாக விற்காமல் கிடக்கும் துவக்கைக் காட்டி, "என்னுடையதும் அதுதான்" என்று சொல்வதில் பயனில்லை. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவு விலைகளைத் தேடுங்கள். உங்கள் நாட்டில், கடந்த இரண்டு ஆண்டில், அதே தொழிற்சாலை, அதே மாதிரி, ஏறக்குறைய அதே நிலையில் உள்ள மூன்றையாவது பிடியுங்கள். எல்லை தாண்டிய விலையை நம்ப வேண்டாம். துவக்கை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்புவது அவ்வளவு கடினம் என்பதால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சந்தை. கனடாவில் லோங் பிராஞ்சுக்கும் அவுஸ்திரேலியாவில் லித்கோவுக்கும் உள்ள ஊர்ப்பற்று வேறிடத்தில் இருக்காது.

அந்த மூன்றையும் உங்களுடையதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இதில் போல்ட் எண் ஒத்தது, என்னுடையதில் இல்லை, குறை. அதில் மரம் மினுக்கியது, என்னுடையது அசல், கூட்டு. இப்படிப் போட்டு ஒரே எண்ணாக இல்லாமல் "இதிலிருந்து இதுவரை" என்று ஒரு வீச்சாக எழுதுங்கள்.

எதற்காக மதிப்பிடுகிறீர்கள் என்பதும் எண்ணை மாற்றும். கணக்குக்காக நானே வைத்த எண்களில் சொல்கிறேன். ஏலத்தில் சுத்தியல் 1,000 டொலரில் விழுகிறது. வாங்கியவர் அதற்குமேல் ஏல நிறுவனத்துக்கு 20 வீதம் கட்டினால் அவருக்கு அது 1,200 டொலர் துவக்கு. விற்றவரிடம் 15 வீதம் கழித்தால் அவர் கைக்கு வருவது 850. காப்புறுதிக்கு எழுதும்போது திரும்ப வாங்கும் விலையை, அதாவது 1,200 பக்கத்து எண்ணை எழுத வேண்டும். சகோதரங்களுக்குள் சொத்துப் பிரிக்கும்போது கைக்கு வரும் 850ஐ வைத்துப் பேசுங்கள். இது தெரியாமல் கோபித்துக்கொண்ட அண்ணன் தம்பியை நான் பார்த்திருக்கிறேன். வியாபாரி நேரடியாக வாங்கினால் இன்னும் குறைவாகவே கேட்பார். அவருக்கும் கடை வாடகை உண்டு, அதைத் தப்பாக எடுக்க வேண்டாம். ஆனால் மதிப்பிடுகிறவரே உடனடியாக வாங்கவும் முன்வந்தால், இன்னொருவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

மச்சானின் துவக்குக்கு வருவோம். லோங் பிராஞ்ச், 1943, மார்க் 1 நட்சத்திரம். மரம் முனைவரை இருந்தது, சி-க்குள் அம்பு இருந்தது. போல்ட் எண் வேறு. சோங்கின் வலப்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு முத்திரைகள் அந்தச் சாண்ட் பேப்பரோடு போய்விட்டன. 1943 தாராளமாகக் கிடைக்கும் ஆண்டு. ஆகவே நான் சொன்ன வீச்சு அவன் நினைத்ததில் பாதிதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்த அம்மாவிடம் போய் அவருடைய கணவரின் படைப்பதிவின் பிரதியையும், சீருடையில் நிற்கும் ஒரு படத்தையும் கேட்டு வாங்கினான். துவக்கோடு ஒரே பெட்டிக்குள் அவை இருக்கின்றன. விற்கும் எண்ணத்தை விட்டுவிட்டான்.

உங்களுடையதை யாரிடமாவது காட்டிக் கேட்கப் போகிறீர்கள் என்றால் படங்களை இப்படி எடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், வெள்ளைத் துணியில் வைத்து: முழுத் துவக்கு இரு பக்கமும், சோங்கு வளையத்தின் இரு பக்கமும், எண் உள்ள ஒவ்வொரு இடமும் தனித்தனியாக, சோங்கின் அடித்தகடு, குழலின் முனை, மரத்தில் தெரியும் ஒவ்வொரு முத்திரையும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் பள்ளங்கள் தெளிவாகத் தெரியும். முத்திரைக்குள் சோக்கட்டி தேய்த்து எழுத்தை வெளுப்பாக்க வேண்டாம். வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை விரலால் மறைத்துக்கொண்டு பொதுவில் போடுங்கள், முழு எண்ணை மதிப்பிடுபவருக்கு மட்டும் காட்டுங்கள்.